எட்டு மைல் வளைவு

மார்கெல்லா மறுபடியும் வளைந்து போயிருந்தது.

பிரேயஸ் துறைமுகத்துக்கு எதிரே, நாலாவது மாடிக் கப்பல் கம்பெனி அலுவலகத்தில், பெலாகியா கணினித் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். ருமேனியாவில் கோதுமை ஏற்றிக்கொண்டு அலெக்ஸாண்ட்ரியா போகிற சரக்குக் கப்பல் அது. நேரே இறங்க வேண்டிய கோடு, கியோஸ் தீவுப் பக்கம் வந்ததும் இடுப்பை நொடித்துக்கொண்டு, ஒரு பொடித் தீவை உரசிவிட்டுத்தான் அப்பால் போகிறது. எட்டு மைல் சுற்று. ஒவ்வொரு பயணத்திலும் இதே கூத்து.

அந்தத் தீவில்தான் கேப்டன் இசிதோரோஸின் வீடு. அந்த ஊர்க் கேப்டன்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். வீட்டுக்கு எதிரே போகும்போது மூன்று தடவை சங்கு ஊதுவார்கள், மாடியிலிருந்து மனைவி ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஆட்டிக் காட்டுவாள். பெலாகியாவின் அப்பாவும் ஊதியவர்தான். அதனால்தான் இத்தனை நாள் கண்டும் காணாமல் விட்டு வைத்திருந்தாள்.

ஆனால் இந்த வருஷம் அப்படி விட முடியாது. கப்பல் விடுகிற கரிப்புகைக்கு இப்போதெல்லாம் வருஷா வருஷம் மார்க் போடுகிறார்கள், பள்ளிக்கூடம் மாதிரி, ஏ முதல் ஈ வரைக்கும். மார்கெல்லாவுக்கு இருபது வயசு. அவளைவிடப் பாதி வயசுக் கப்பல்களெல்லாம் டி வாங்கித் தலைகுனிந்து நிற்க, இந்தக் கிழவி மட்டும் அலுங்காமல் சி வாங்கிக்கொண்டிருந்தாள். எப்படி என்று எந்த நிபுணருக்கும் புரியவில்லை. கேட்டால் இசிதோரோஸ் மீசையைத் தடவிக்கொண்டு, எல்லாம் கைராசி என்பார். பெலாகியாவுக்கு அந்த மனிதரிடம் உள்ளூர ஒரு பக்தியே உண்டு.

இந்த வருஷம் சட்டம் இறுகிவிட்டது. மார்கெல்லா நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தாள். டி வாங்கினால் கோதுமைக்காரர்கள் தொடமாட்டார்கள், பழைய கப்பல் உடைக்கிறவனுக்குத் தள்ளிவிடுவேன் என்று முதலாளி ஸ்டாவ்ரினோஸ் சொல்லிவிட்டார். கப்பலில் பத்தொன்பது பேர் பிழைப்பு. பெலாகியாதான் கூட்டத்தில் எழுந்து, டிசம்பர் வரை பொறுங்கள், நான் சி வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

எட்டு மைலை வெட்டினால் முடிந்தது. போனைப் போட்டாள்.

"கேப்டன், இனிமே நேரா போங்க. சங்கெல்லாம் வேண்டாம்."

எதிர்முனையில் எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேப்டன் கத்தினார்.

"என் பொண்டாட்டிக்கு என்ன பதில் சொல்றது பொண்ணே?"

"உலகம் சூடாகுதுன்னு சொல்லுங்க."

"அவ அதைவிடச் சூடாவா," என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். ஆனாலும் அவள் சொன்னபடியே செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த பயணத்தில் கோடு அடிக்கோல் வைத்துப் போட்டது போல நேராக இறங்கியது.

எண்ணெய்ச் செலவு மட்டும் நாளுக்கு ஒரு டன் கூடியது.

பெலாகியாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. தூரம் குறைந்திருக்கிறது, செலவு கூடியிருக்கிறது. சரி, காற்று எதிரே அடித்திருக்கும் என்று சமாதானப்படுத்திக்கொண்டு, அடுத்த பயணத்தில் வேகத்தைக் குறைக்கச் சொன்னாள். மெதுவாகப் போனால் குறைவாகக் குடிக்கும். இது குழந்தைக்குக்கூடத் தெரிந்த கணக்கு.

மார்கெல்லா மெதுவாகப் போனாள். போய்ச் சேர்வதற்குள் அலெக்ஸாண்ட்ரியாவில் அவளுக்கு ஒதுக்கின இடத்தில் வேறொரு கப்பல் ஏறி உட்கார்ந்துவிட்டது. நாலு நாள் வெளியே நங்கூரம் போட்டு, விளக்குக்கும் சமையலுக்குமாக ஜெனரேட்டரை ஓட்டிக்கொண்டு கிடந்தார்கள். குறைந்த வேகத்தில் ஓட்டியதில் எஞ்சினுக்குள்ளே கரி வேறு அப்பிக்கொண்டது. செலவு இன்னும் அரை டன் ஏறியது.

அப்புறம் ஏதென்ஸிலிருந்து ஒரு நிபுணரைப் பிடித்தாள். அவர் கப்பலைக் கண்ணால்கூடப் பார்க்காமல், கப்பல் சாயாமல் இருக்க ஏற்றுகிற அடித்தொட்டித் தண்ணீரை எப்படி நிரப்ப வேண்டும் என்று கணினியிலேயே கண்டுபிடித்துச் சொன்னார். அப்படியே நிரப்பினார்கள். மூன்று நாள் கழித்து இசிதோரோஸிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: கப்பல் பின்பக்கமாக உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கமாட்டேன் என்கிறது.

நவம்பர் பிறந்தபோது கிழவி டி-யில் கால் வைத்துவிட்டாள். முதலாளி கூப்பிட்டு, உடைக்கிறவனிடம் பேச ஆரம்பித்துவிட்டதாக ரொம்ப அன்பாகச் சொன்னார். பெலாகியா அன்றைக்கே கிளம்பினாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு ருமேனியாவுக்குப் பறந்து, கோதுமையோடு கோதுமையாகத் தானும் கப்பலில் ஏறிவிட்டாள்.

கப்பலில் ஒரே சாவு வீட்டுக் களை. சீஃப் எஞ்சினியர் அவளைக் கண்டதும் கீழே இறங்கிப் போனவர் மேலே வரவே இல்லை. இசிதோரோஸ் கன்னம் ஒட்டிப்போய், மீசையைக்கூடத் தடவாமல், சுக்கான் அறை நாற்காலியில் கிடந்தார். சமையல்காரர் யானகோஸ் மட்டும்தான் அவளோடு முகம் கொடுத்துப் பேசினார். அவரும் கேப்டனின் தீவுக்காரர்தான். தட்டு நிறைய வெள்ளை பீன்ஸ் சூப்பை ஊற்றி, முழுசாகச் சாப்பிடும்வரை பக்கத்திலேயே நின்றார்.

மறுநாள் காலை கியோஸ் மலைகள் தெரிய ஆரம்பித்தன. கேப்டன் அந்தத் திசையைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தார். அதைப் பார்க்கப் பார்க்கப் பெலாகியாவுக்கு மனசு கேட்கவில்லை. மூன்று மாதமாக இந்த மனிதரை மனைவி முகம் பார்க்க விடாமல் பண்ணியிருக்கிறோம். எப்படியும் கப்பலை உடைக்கத்தான் போகிறார்கள்.

"கேப்டன், இந்த ஒரு தடவை வீட்டுப் பக்கமா போங்க," என்றாள்.

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சுழன்றது.

தீவை நெருங்கினார்கள். மூன்று சங்கு. வெள்ளை வீட்டின் மாடியில் படுக்கை விரிப்பு ஆடியது. ஒரு அம்மாள் கையில் தொலைநோக்கியோடு நின்றாள். பெலாகியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷக் கல்யாணத்துக்கு அப்புறமும் புருஷன் முகத்தைக் கிட்டத்தில் பார்க்கத் தொலைநோக்கி வைத்திருக்கிறாளே!

விரிப்பு மடங்கியதும் கேப்டனின் போன் அடித்தது. "மரிகோ," என்று மனைவி பெயரை மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது முகம் காதுவரை சிவந்திருந்தது. பெலாகியா நாகரிகமாகக் கடலைப் பார்த்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஆளே மாறிவிட்டார். பின்தொட்டித் தண்ணீரை முன்னால் தள்ளச் சொன்னார். கீழே கூப்பிட்டு, மூணாவது சிலிண்டரில் எண்ணெய் பீய்ச்சுகிற குழாயை உடனே மாற்றச் சொன்னார். எஞ்சின் சுழற்சியைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னார். தயக்கமே இல்லை. ஒவ்வொரு சொல்லும் உத்தரவாக விழுந்தது. மத்தியானத்துக்குள் கப்பலின் உதறல் நின்றது. சாயங்காலம் எண்ணெய் முள், நாளுக்கு இரண்டு டன் குறைந்த இடத்தில் போய் நின்றது. இதே முள் டிசம்பர்வரை இப்படியே நின்றால் சி நிச்சயம்.

பெலாகியா போட்டுப் போட்டுப் பார்த்தாள். கணக்கில் தப்பில்லை. சந்தோஷம் தாங்காமல் சமையல்கட்டுக்கே ஓடி, முதலாளிக்கு எழுதப்போகிற அறிக்கையை யானகோஸுக்கு வாசித்தே காட்டினாள். ஒரு கேப்டனின் மனசு நிறைந்தால் கப்பலே நிமிர்ந்துவிடும், எட்டு மைல் அன்பை வெட்டியது என் தவறு, மார்கெல்லாவை விற்காதீர்கள் என்று உருக்கமாக எழுதியிருந்தாள்.

யானகோஸ் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டார்.

"அன்பா? கால் மணி நேரம் திட்டு வாங்கிட்டு வந்தார்மா. கப்பல் மூக்கு மேலே தூக்கிருக்கு, புகை இடது பக்கம் கறுப்பா வருது, பின்னாடி நுரை அகலமா விரியுது, கண்ணு அவிஞ்சு போச்சான்னு. கதவு சாத்தியும் இங்க வரைக்கும் கேட்டுது."

பெலாகியாவின் கையிலிருந்த காகிதம் மெல்லத் தாழ்ந்தது.

"அந்தம்மா மாடியில நின்னு அவரைப் பாக்கவா செய்யிறாங்க?" யானகோஸ் கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டார். "இருபது வருஷமா இந்தக் கப்பலுக்குக் கேப்டன் அந்தம்மாதான். நம்மாளு சங்கு ஊதுறவர்."