நாலாம் நம்பர் தகராறு

அன்பும் பயமும் கலந்த பெரியப்பாவுக்கு,

சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து பூங்குழலி எழுதுவது. நீங்கள் நலம் என்பது குறட்டைச் சத்தத்தில் தெரிகிறது. நாங்கள் நலமில்லை. போன் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருப்பதால் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

நாளைக்குப் பிரவீணா அக்காவைப் பெண் பார்க்க ஜெயங்கொண்டத்திலிருந்து வருகிறார்கள் அல்லவா? அவர்கள் கார் வரவேண்டிய நம் பொதுப்பாதையை அப்பா விடிந்ததும் முள் வெட்டிப்போட்டு அடைக்கப்போகிறார். எல்லாம் உங்களால் என்று நினைக்கிறார். எல்லாம் என்னால்தான்.

எங்கள் வாசலை ஒட்டிய அப்பாவின் எடைமேடையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதே, மேடையில் லாரி ஏறினால் எடை ஒரு ஒயர் வழியாக அதற்குள் போய்த் திரையில் தெரியும். அந்த ஒயரைச் செருகும் இடத்துக்கு சீரியல் போர்ட் என்று பெயர், நம்பர் நாலு. பெரியம்மா பார்க்கிற சீரியல் இல்லை. கார் ரேஸ் விளையாட்டு தெளிவாகத் தெரியட்டும் என்று, என்னோடு படிக்கும் ஆர்த்தி வீட்டில் சும்மா கிடந்த வீடியோ கார்டை வாங்கிவந்து யாருக்கும் தெரியாமல் அதில் மாட்டினேன். கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலாசம் வேண்டுமாம். கார்டும் போர்ட்டும் ஒரே விலாசத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கின்றன. மக்காச்சோள லாரி ஏறியபோது திரையில் வண்ணக் கோடுகள்தான் ஓடின. லாரி இறங்கியபின் டிரைவர் செல்லமுத்து அண்ணன் வெறும் மேடையில் நின்று பீடி பற்றவைத்தார். அவர் எடை பதினெட்டு டன் என்று வந்தது. "மதியம் சாப்புடக்கூட இல்லீங்களே" என்று அழாத குறை.

பிறகு ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அப்பா என்னைப் படிக்கச் சொன்னார்.

"அட்ரஸ்ல தகராறுன்னு போட்டிருக்குப்பா."

"எந்த அட்ரஸு?"

"போர்ட் நாலுப்பா."

அவர் காதில் அது வீட்டு நம்பர் எழுதிய வாசல் போர்டு என்று விழுந்துவிட்டது. பாகம் பிரித்ததிலிருந்து நாலாம் நம்பர் யார் வீட்டுக்கு என்று நீங்கள் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டிருப்பதுதான் ஊருக்கே தெரியுமே. "அண்ணன் தாலுக்காபீஸு வரைக்கும் போயி கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாரா! பாத்துக்கறேன்!" என்று அரிவாளைத் தீட்ட உட்கார்ந்துவிட்டார். முள் வெட்டத்தான், பயப்படாதீர்கள்.

அப்பாவிடம் உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் பள்ளிக்கூடத்தை நிறுத்தி எடைமேடையிலேயே உட்கார வைத்துவிடுவார். அதனால் காலையில் அவர் வந்து கத்தும்போது, "சரிப்பா, நாலு உனக்கே" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அக்கா கல்யாணம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். அக்காவுக்கு நல்ல மாப்பிள்ளை அமையட்டும். என்னைக் காட்டிக்கொடுக்காமல் ஆசீர்வதிக்கவும்.

உங்கள் நடுங்கும் மகள்,
பூங்குழலி

பி.கு.: கார்டைக் கழற்றிவிடலாம் என்று போனேன். திருகு அசையவில்லை. அதனால் கம்ப்யூட்டரில் போர்ட் நம்பரை மட்டும் நாலிலிருந்து இரண்டுக்கு மாற்றினேன். சண்டை தீர்ந்தது, எடையும் சரியாக வருகிறது. அதற்குள் தண்ணீர் குடிக்க எழுந்த அப்பா வந்துவிட்டார். நான் மேசைக்கு அடியில் போய்விட்டேன். அவர் திரையில் 'PORT 2' என்று இருந்ததைப் பார்த்து, "என்னாது, நம்மள ரெண்டாம் நம்பருக்கு மாத்திட்டானுவளா?" என்று அலறினார். இரண்டாம் நம்பர் வீட்டில் இருப்பது, சின்ன வயதில் அவர் காதைத் திருகிய கீதாஞ்சலி டீச்சர். "அந்தம்மாகூட தகராறு பண்ண என்னால ஆவாது. அண்ணங்கூடவே நாலுல இருந்துக்கறேன்" என்று செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார். அதற்குள் இதை உங்கள் ஜன்னலில் போட்டுவிடுகிறேன். மேலே எழுதிய எதையும் நீங்கள் படிக்கவில்லை. கதவைத் திறந்து, "வாடா தம்பி" என்று மட்டும் சொல்லுங்கள்.