இருபதாம் இடத்தில் நான்கு

நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருகிற கம்பைலர் ஒன்றை எங்கள் அலுவலகம் பராமரித்து வருகிறது. முப்பத்து நான்கு தசம இடங்கள் வரை இம்மியும் பிசகாமல் அது கணக்குப் போடும் என்பது நாங்கள் உலகுக்கு அளித்த உறுதிமொழி. ஆண்டுதோறும் அதன் கணக்குகளை விடைக் கோப்போடு ஒப்பிட்டுச் சோதித்து 'சரி' என்று சான்று எழுதுவோம். இதுவரை எல்லா ஆண்டும் சரி.

இந்த ஆண்டு சோதித்தவள் வேலைக்குப் புதுசு. தகுதிகாண் காலம் முடிய ஒரு வாரம்தான் பாக்கி. சான்றில் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். அந்தப் பெண் செய்யக் கூடாத காரியம் ஒன்றைச் செய்தாள். ஒன்றை மூன்றால் வகுத்து வந்த விடையைப் படித்துப் பார்த்துவிட்டாள்.

பத்தொன்பது மூன்றுகள். இருபதாவது நான்கு. அதற்கப்புறம் வாய்க்கு வந்த இலக்கங்கள்.

இயக்குநரிடம் போனாள். பக்கத்து மேஜைக்காரன் என்ற முறையில் நானும் போனேன்.

"சார், கடைசி வரைக்கும் மூணுதானே வரணும்?"

"விடைக் கோப்புல என்ன இருக்கு?"

"நாலுதான் சார். ஆனா அந்தக் கோப்பே இந்தக் கம்பைலர் போட்ட விடையைக் காப்பி பண்ணி வச்சதுதான்."

"அப்ப ரெண்டும் ஒத்துப்போகுதில்ல? பின்ன என்னம்மா?"

கையால் வகுத்த தாளை நீட்டினாள். இயக்குநர் முகம் சுளித்தார்.

"கையால போட்டதை எல்லாம் எப்படி நம்புறது? நம்ம கம்பைலர்ல போட்டுச் சரிபாருங்க."

போட்டோம். நான்கு வந்தது. அவளுடைய தாள் சோதனையில் தேறவில்லை.

விசாரிக்க ஐவர் குழு அமைந்தது. நான்கு மூன்றைவிடப் பெரியது, ஆகவே பொதுமக்களுக்குக் குறைவு ஏதும் வைக்கவில்லை என்றார் ஒருவர். நான்குக்கு மேலதிகாரியின் ஒப்புதல் இருக்கிறது, மூன்றுக்கு யார் ஒப்புதல் கொடுத்தது என்று கேட்டார் இன்னொருவர். மனிதத் தவறு என்று ஒருமனதாக முடிவாயிற்று. தாளில் இருபதாவது மூன்றை அடித்து நான்காக்கி, சான்றிலும் கையெழுத்திட வேண்டும் என்று அவளுக்கு உத்தரவு வந்தது.

இரண்டையும் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. எனக்கு அவளைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"அண்ணா, அந்த விடைக் கோப்புக்கு முதல்ல கையெழுத்துப் போட்டவர் ஒரு தடவையாவது கையால வகுத்துப் பாத்திருக்க மாட்டாரா?"

"பாத்தேம்மா. எனக்கும் மூணுதான் வந்துச்சு," என்றேன். "அப்ப எனக்கும் ஒரு வாரம்தான் பாக்கி."

தாளையும் சான்றையும் என் மேஜைமேல் விரித்தாள். பிறகு பேனா எழுதவில்லை என்றாள். என்னுடையதைக் கொடுத்தேன்.