செலக்ஷன் பாய் அமுக்காத பட்டன்

வேலூருக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவே எந்தப் பொருளும், எந்த மனிதனும், செலக்ஷன் பாயிடம் ஒரே பார்வையில் 'பாஸ்' வாங்கியது கிடையாது. கல்யாண பிரியாணி வாங்கியதில்லை. ஏலகிரி ஏரி வாங்கியதில்லை. அவருடைய சொந்தச் சம்பந்தி ஆறு வருடமாகக் காத்திருக்கிறார்.

பாய் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் செலக்ஷன் பார்த்தவர். பதனிட்டு முடிந்த தோலை மேசையில் விரித்து, வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, கட்டை விரலால் தடவி, இது முதல் தரம், இது ரெண்டு, இது ரிஜெக்ட் என்று பிரிக்கிற வேலை. ரிட்டயர் ஆனபோது வேலை அவரை விட்டது. அவர் வேலையை விடவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், பையன் காபித் தட்டோடு வந்து நின்றதும், "தம்பிய கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்புங்க" என்று சொன்ன ஒரே மாமனார் அவர்தான். நான் குடியாத்தம் லுங்கி விற்கிறவன். அவர் வருகிறார் என்றால் கடையில் நல்ல பீஸ்களைக்கூட ஒளித்து வைப்பேன்.

இன்னொரு சட்டமும் உண்டு. மாலை நாலு மணிக்கு மேல் எதையும் பாஸ் பண்ணமாட்டார். நாலு மணிக்கு மேல் வெளிச்சம் மஞ்சளாகி, தோல் பொய் சொல்லுமாம். தோலுக்குச் சரி. ஐந்து மணிக்கு "டீ சாப்பிடறீங்களா பாய்" என்று கேட்டால்கூட, "காலைல சொல்றேன்" என்பார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் எங்கள் ரத்ததானக் குழுவின் குடுமி சிக்கியிருந்தது. குழுவுக்கு ஒரு வெப்சைட் உண்டு. ரத்தம் தேவைப்படுகிறவர்கள் அதில் ஊரையும் ரத்த வகையையும் தட்டினால், கொடுக்கிறவர்களின் போன் நம்பர் வரும். அந்த வெப்சைட்டின் விலாசம், அதாவது டொமைன் பெயர், பாயின் பெயரில் பதிவாகியிருந்தது. குழு ஆரம்பித்த நாளில் எங்களில் அவருக்கு மட்டும்தான் ஈமெயில் இருந்தது.

அந்தப் பெயரைப் பதிவு செய்து வைத்திருந்த பழைய கம்பெனி, கடையை மூடப் போவதாகக் குழுவின் விலாசத்துக்கு ஆறு மெயில் அனுப்பியிருக்கிறது. செயலாளரான நான் ஆறையும் விளம்பரம் என்று நினைத்து அழித்திருக்கிறேன். ஏழாவதை, புது வெப்சைட் செய்து கொடுத்த வாணியம்பாடி நஸ்ரின் பார்த்துவிட்டுக் காலையில் போன் பண்ணினாள்.

"சார், பேர புது கம்பெனிக்கு மாத்தணும்னா ஓனர் மெயிலுக்கு ஒரு பட்டன் வரும். அத அவரு அமுக்கணும். இன்னிக்கி சாயந்தரம் ஆறு மணிதான் லாஸ்ட்."

"அமுக்கலன்னா?"

"பேரு போய்டும் சார். யாரு வேணா எடுத்துக்கலாம்."

அந்தப் பெயர் எங்கே இல்லை? ஆட்டோ முதுகில், ஆஸ்பத்திரிச் சுவரில், ஜோலார்பேட்டை ஸ்டேஷன் நோட்டீஸில். பிரசவ வார்டு வாசலில் நின்றுகொண்டு ஒருவன் அந்தப் பெயரைத் தட்டினால், நாளை முதல் அவனுக்கு ஆன்லைன் ரம்மி வரும். ஸ்கூட்டரை எடுத்தேன். பாதி வழியில்தான் காலில் ஒரு செருப்பு என்னுடையது, இன்னொன்று என் மனைவியுடையது என்று தெரிந்தது.

பாய் மாடி அறையில், வடக்கு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பட்டன் வந்த மெயிலை அவர் போனில் திறந்தும் காட்டினேன்.

"புது வெப்சைட் எங்க?" என்றார்.

"அத அப்புறம் பாத்துக்கலாம் பாய். மொதல்ல பட்டன்."

"சரக்க பாக்காம பாஸ் பண்ண சொல்றியா? இன்னா பேசற நீ?"

நான் கொண்டுபோன லேப்டாப்பை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சாய்த்தார். திரையைக் கட்டை விரலால் தடவினார். பிறகு ஊர் ஊராக, பெயர் பெயராகப் பார்க்க ஆரம்பித்தார். "இவன் துபாய் போய்ட்டான். எடு." "ஆலங்காயத்துக்காரன் நம்பர்ல ஒம்போது எழுத்துதான் இருக்குது. ஒண்ணு கம்மி." "இந்தாளு ரெண்டு எடத்துல இருக்கான். ரத்தம் இன்னா ரெண்டு உடம்புலயா ஓடுது?" நான் போனில் சொல்லச் சொல்ல நஸ்ரின் அந்தப் பக்கம் திருத்திக்கொண்டே வந்தாள். கேட்கிறதெல்லாம் நியாயமாக இருந்ததுதான் பெரிய பேஜார். அவர் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவருக்கு அறுபத்தாறு, எனக்கு நாற்பத்தொன்பது. ஓடினால் அவர்தான் ஜெயிப்பார்.

இரண்டரை மணிக்கு அவர் விரல் ஒரு இடத்தில் நின்றது.

"இது இன்னா, ஓட்டை?"

எட்டிப் பார்த்தேன். என் பெயர். பக்கத்தில் 'கடைசியாக ரத்தம் கொடுத்த நாள்' என்று நஸ்ரின் புதிதாகச் சேர்த்திருந்த கட்டம் காலியாக இருந்தது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எத்தனையோ முகாம்களில் நான் மைக் பிடித்திருக்கிறேன். "பயமே வேண்டாம், எறும்பு கடிப்பது போலத்தான்" என்று பேசிப் பேசி நூற்றுக்கணக்கானவர்களைப் படுக்க வைத்திருக்கிறேன். நான் படுத்ததில்லை. ஊசியை எடுத்தாலே பயத்தில் மைக்கோடு மேடைக்குப் பின்னால் போய்விடுவேன். பல் பிடுங்கினவர்கள் ரத்தம் கொடுக்கக்கூடாது என்று தெரிந்த நாளிலிருந்து முகாமுக்கு ஒரு பல்லை நான் பிடுங்கியாகிவிட்டது. அந்தக் கணக்கில் என் வாயில் இப்போது நாக்கு மட்டும்தான் மிச்சமிருக்க வேண்டும்.

"மாட்டுத் தோல்ல உண்ணி கடிச்ச ஓட்டை பாத்திருக்கேன் செக்ரட்டரி. இவ்ளோ பெரிய ஓட்டை பாத்ததில்ல" என்றார் பாய்.

"என் பேர எடுத்துட சொல்றேன் பாய்."

"செக்ரட்டரி பேரே இல்லாத லிஸ்ட்ட எவன் நம்புவான்?"

போனில் நஸ்ரினிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "ஏம்மா, சும்மா ஒரு தேதி போட்டுட முடியாதா?"

"ஆஸ்பத்திரி சர்ட்டிஃபிகேட் நம்பர் போட்டாதான் சார் தேதி ஏறும். நீங்கதான அப்படி வைக்க சொன்னீங்க."

பாய் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். "வண்டிய எடு. நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்குது."

ஆஸ்பத்திரி ரத்த வங்கி பூட்டியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டே ஓட்டினேன். திறந்திருந்தது. முகாம்களில் என்னைப் பார்த்துப் பழகிய நர்சம்மா முகமெல்லாம் சிரிப்போடு வந்தார்.

"வாங்க சார். இன்னிக்கி எத்தன பேர கூட்டினு வந்திருக்கீங்க?"

பாய் என்னைக் காட்டினார். நர்சம்மா என் வாயை எட்டிப் பார்த்தார். பிறகு, "பல்லெல்லாம் இருக்குதுல்ல சார்?" என்றார்.

கடைசி நம்பிக்கை பரிசோதனையில் இருந்தது. பிரஷர் நார்மல். எடை நார்மல். ஹீமோகுளோபின் பிரமாதம். வருடக்கணக்காக நான் சோறு போட்டு வளர்த்த உடம்பு, சமயம் பார்த்துக் காட்டிக்கொடுத்தது.

படுத்தேன். "எறும்பு கடிக்கிற மாதிரிதான் சார்" என்றார் நர்சம்மா. அந்த வரியைக் கண்டுபிடித்தவனை உதைக்க வேண்டும் போலிருந்தது. கண்ணை இறுக மூடினேன். எறும்புதான். கொஞ்சம் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த எறும்பு. அவ்வளவுதானா என்று ஒரு கண்ணைத் திறந்தேன். பாய் என் பக்கத்து ஸ்டூலில், எனக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"பாய், இன்னா பண்றீங்க?"

"துவா ஓதறேன். பேசாம படு."

"ஏன் அந்தப் பக்கம் திரும்பினு?"

"எனக்கு ஊசி பாத்தா ஆவாது."

"வருஷத்துக்கு நாலு தடவ குடுத்தீங்களே?"

"செவுத்த பாத்துனு குடுத்தேன். யாருக்குத் தெரியும்."

முடிந்ததும் துள்ளி எழப் பார்த்தேன். அறை ஒரு சுற்றுச் சுற்றியது. பாய் என் தோளை அமுக்கிப் படுக்க வைத்தார். ஜூஸை வாயில் வைத்தார். கேஸ் ஷீட்டை மடித்து விசிறினார்.

"பாய், பட்டன்."

"மொதல்ல குடி."

"மணி நாலு ஆவப் போவுது பாய்."

"பிஸ்கட்ட துன்னு. ஜாஸ்தி பேசாத."

தலை நேராக நின்றபோது சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபது. மிச்சமிருந்த ரத்தமும் வடிந்தாற்போல் ஆனது. நாலு இருபது என்றால் பாய்க்கு நாளைக் காலை. நாளைக் காலை என்றால் பெயர் போயிற்று. ஜன்னலில் வெளிச்சம் அவர் சொல்கிற அதே மஞ்சளில் வந்து நின்றிருந்தது.

பாய் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பட்டனை அமுக்கினார்.

"பாய், மணி நாலு இருபது" என்றேன் நான், மடையன்.

"தெரியுது. எழுந்திரிக்கும்போது மெதுவா எழுந்திரி."

பத்து நிமிடத்தில் நஸ்ரின் போன். "சார், பேரு இந்தப் பக்கம் வந்துடுச்சு. தொறந்து பாருங்க." திறந்தேன். எங்கள் பெயர், எங்கள் பக்கம், ரம்மி இல்லை. சர்ட்டிஃபிகேட் நம்பரைச் சொன்னேன். என் கட்டத்தில் தேதி ஏறியது. மார்பில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த அம்மிக்கல் எழுந்து போனது. கண்ணில் தண்ணீர் வந்தது. ரத்தம் குறைந்தால் அப்படி வருமாம்.

பெருமையில் பாயின் பெயரையும் தேடினேன். இல்லை. மறுபடி தேடினேன். இல்லை. அறுபத்தைந்து தாண்டினவர்கள் கொடுக்க முடியாது என்பதால் புது வெப்சைட் அவரைத் தானாகவே எடுத்துவிட்டிருந்தது. ஒவ்வொரு பெயராக மூன்று மணி நேரம் பார்த்தவர். துபாய்க்காரனை எடுக்கச் சொன்னவர். தன் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நான் படுக்கிறேன். பாய் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். தனியாகவே போய்க் கொடுத்துவிட்டு வருகிற தைரியம் எனக்கு எப்போதோ வந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் முதல் நாளே போன் பண்ணி, "பாய், பயமா இருக்குது, கூட வர்றீங்களா" என்று கேட்கிறேன்.