பாகூர்க் கண்காட்சியில் நான் இட்ட பொட்டு

என்னை அஞ்சாதவன் என்று சொல்வோர் உண்டு. அந்தப் பெயரை நான் இதுவரை மறுத்ததில்லை. இன்று மறுக்கிறேன். எண்பதுகளின் நடுவில், பாகூர்ப் பள்ளி மண்டபம் ஒன்றில், ஒரு காலைப்பொழுது முழுவதும் நான் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

கணிப்பொறியில் வரைந்த ஓவியங்களுக்கு அங்கே ஒரு கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. கணிப்பொறியைக் கொண்டுவந்தவர் பொறியாளர் தனசேகர். ஓவியர், வில்லியனூர் இரும்புக்கடைக்காரரின் மகளான ஓவிய ஆசிரியை மெஹருன்னிசா. விஞ்ஞானத்துக்கு ஆள் வேண்டுமே என்று, இயற்பியல் ஆசிரியனான என்னைக் குழுத் தலைவனாக்கினார்கள். (கணிப்பொறியை அதற்கு முன் நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.)

நான்கு மாதம் வரைபடத்தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, ஒவ்வொரு புள்ளிக்கும் எண் கொடுத்து, அந்த எண்களையெல்லாம் மெஹருன்னிசா தட்டச்சு செய்திருந்தார். அத்தனையும் ஒரே ஒரு பிளாப்பித் தட்டில் இருந்தன. நகல் எடுக்க வேறு தட்டு சென்னையிலிருந்து வரவேண்டும், வரவில்லை.

பம்புசெட்டோ, சைக்கிளோ, புதிதாய் எது வந்தாலும் பொட்டிட்டுத் தொடங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். தினக்கூலிக் காவலாளி ஏழுமலை கணிப்பொறிப் பெட்டிக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு வெளியே போனார். மேசையில் பிளாப்பி மட்டும் பொட்டில்லாமல் கிடந்தது. கறுப்பு உறையில் நீள்வட்டமாய் ஒரு திறப்பு. அதனுள்ளே பழுப்பாய் ஒரு பளபளப்பு. எனக்கு அது நெற்றியாகவே தெரிந்தது. மோதிர விரலால் சந்தனம் இட்டு, அதன்மேல் குங்குமமும் வைத்தேன்.

வைத்த பிறகுதான் நினைவு வந்தது. அந்தப் பளபளப்பு காந்தப் பூச்சு; எண்கள் பதிந்திருப்பதே அதில்தான். (பதினோரு ஆண்டுகள் காந்தவியல் நடத்தியவன் நான்!) கைக்குட்டையால் துடைத்தேன்; இன்னும் பரவியது. அழுத்தித் துடைத்தேன். காலடி ஓசை கேட்டதும் தட்டை அதன் காகித உறைக்குள் செருகிவிட்டு, சுவரைப் பார்த்து நின்றேன்.

தனசேகர் தட்டை உள்ளே செலுத்தினார். 'கர்ர்… கர்ர்…' என்று அரைத்தது. திரை இருண்டுபோயிற்று. தட்டை வெளியே இழுத்தவர், விளிம்பில் ஒட்டியிருந்த சிவப்பைப் பார்த்துவிட்டார்.

"ஏழுமல! இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க? பொட்டிக்கு வெச்சது பத்தாதா?"

"நா பொட்டிக்குத்தான் சார் வெச்சேன். அத்தத் தொடவே இல்ல. எம் புள்ள மேல சத்தியமா."

"பொய் வேறயா? தலைவரு நீங்க சொல்லுங்க சார், இந்தாள இன்னா பண்லாம்?"

திறந்துவைக்க வரும் அதிகாரியின் ஜீப் அரியாங்குப்பம் தாண்டிவிட்டதாகத் தகவல் வந்திருந்தது. மெஹருன்னிசா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழுமலை கைகட்டி நின்றார். நான் ஒரு சொல் சொன்னால் அவர் வேலை போய்விடும். என் முதுகில் வியர்வை கோடு கோடாய் இறங்கியது. நான் தொண்டையைச் செருமினேன்.

"கவனக்குறைவு என்பது மன்னிக்கத் தகாத குற்றம்…" என்று தொடங்கி, கைக்குட்டையை எடுத்து முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டேன்.

தனசேகர் தட்டை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"சார்," என்றார் ஏழுமலை மெதுவாக. "மூஞ்சில இன்னா சார் அது?"

திரும்பினேன். இருண்ட திரைக் கண்ணாடியில் நெற்றி முதல் தாடை வரை குங்குமம் அப்பிய ஓர் அறிவியலாளர் நின்றிருந்தார். அன்றைய கண்காட்சியில் அந்தத் திரை காட்டிய ஒரே படம் அதுதான்.

"பொட்டு வெச்சது கூடப் பரவால்ல சார்," என்றார் மெஹருன்னிசா. "அவரு சத்தியம் பண்றப்பகூட சும்மா நின்னீங்களே."

பொட்டிட்டது அறியாமை என்று தப்பிக்கலாம். வாய்மூடி நின்றதற்கு அப்படி ஒரு பெயர் இல்லை.

வந்த அதிகாரி வரைபடத்தாள்களை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒரு மாதம், பள்ளி விட்டதும் நான் எண்களைப் படிக்க, மெஹருன்னிசா மறுபடியும் தட்டச்சு செய்தார். "மெதுவா சார். நீங்க ஒரு நம்பர வுட்டா மூக்கு காதாண்ட போயிடும்" என்று அவ்வப்போது அதட்டு விழும். கண்காட்சி நடந்தது; கூட்டமும் வந்தது. ஏழுமலையிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க சார்" என்றார். ஆனால் அன்றோடு எனக்குத் தேநீர் வாங்கி வருவதை நிறுத்திவிட்டார்.

செய்தி எனக்கு முந்திய பேருந்திலேயே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. இன்றுவரை எங்கள் வீட்டில் எது உடைந்தாலும், எது காணாமற்போனாலும், என் மனைவி யாரையும் விசாரிப்பதில்லை. "எல்லாரும் மூஞ்சத் தொடச்சிக்கினு வந்து நில்லுங்க" என்பாள். பேரப்பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடிவந்து வரிசையில் என்னைத்தான் முதலில் நிறுத்துவார்கள். எந்தத் தவறும் செய்யாத நாளிலும் எனக்கு வியர்க்கிறது.