கமலக்கண்ணன் மிதித்த பெடல்

கமலக்கண்ணன் மாடியில் கிடார் பெடலை மிதித்த மறுநிமிடமே, கீழ் வீட்டு ஜெய்தூன் பீவி மோட்டார் மெக்கானிக் சார்லஸுக்குப் போன் போட்டுவிட்டார்.

"சார்லஸு, ஓடியா. மோட்டாரு பேரிங் காஞ்சுபோயிக் கெடந்து கத்துது. நாளைக்குக் கல்யாண ஆர்டர் இருக்கு. தண்ணி இல்லாம நான் அரிசிய எதுல களைய?"

ஜெய்தூன் பீவி பிரியாணி ஆர்டர் எடுத்துச் செய்பவர். பேகம்பூர் முழுக்க அவர் அண்டாவுக்கு மரியாதை உண்டு. அந்த அண்டாக்களைக் கழுவி ஊற்றுகிற தண்ணீரில் இரண்டு போகம் நெல் விளையும். அதற்காகவே மூன்று லைன் மின்சாரம் இழுத்து, மாடிப்படிக்கு அடியில் ஒரு கன்றுக்குட்டி அளவு மோட்டாரைப் படுக்க வைத்திருந்தார். அந்த மூன்று லைனில் ஒன்றிலிருந்துதான் மாடியில் குடியிருக்கும் கமலக்கண்ணனுக்கு விளக்கும் விசிறியும்.

கமலக்கண்ணன் விடிவதற்கு முன்னால் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் மல்லிகை எடை போடுவான். சாயங்காலமானால் மாயாண்டியின் இன்னிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிப்பான். நாலே கம்பி, ஒவ்வொன்றும் கிணற்றுக் கயிறு கனம். ஆனாலும் அவன் வாசிப்பு அந்தக் குழுவில் கேட்டதாகச் சொன்னவர் எவரும் இல்லை. டிரம்ஸும் ரிதம் பேடும் போடுகிற போட்டில் அது பந்தியில் கடைசி வரிசைக்குப் போன ரசம் மாதிரி ஆகிவிடும்.

இரண்டு வாரம் முன்பு மாயாண்டி அவனைத் தனியாக அழைத்திருந்தார்.

"ஏலே அப்பு, தாடிக்கொம்பு கச்சேரிக்கு நீ வரவே இல்லன்னு மாப்ள வீட்டுக்காரன் சொல்றான்."

"ஒங்க பக்கத்துலதானண்ணே நின்னேன்."

"நானும் அதத்தான் சொன்னேன். நம்ப மாட்டேங்குறான்." மாயாண்டி தாடையைச் சொறிந்தார். "செம்பட்டி ரிசப்ஷனுக்கு முந்துன ஞாயித்துக்கெழம ஒன் வீட்டுக்கு வாரேன். ஒன் வாத்தியம் என் காதுல விழுந்துச்சுன்னா நீ செம்பட்டிக்கு வா. விழலேன்னா, கீபோர்டுல எடது கை சும்மாதான் கெடக்கு. அது பாத்துக்கும்."

ஒரு மனிதனின் பத்து வருட வாழ்க்கையை இன்னொருவனுடைய இடது கை பார்த்துக்கொள்ளும் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? பேஸ் ஒலியைக் கரகரப்பாக்கிக் கூட்டத்தின் நடு நெஞ்சில் குத்தும் ஒரு பெடலைக் கண்டுபிடிக்காமல் ஓய்வதில்லை என்று கமலக்கண்ணன் அன்றே முடிவெடுத்தான்.

முதல் பெடல், குழுவில் லீட் கிடார் வாசிக்கும் முனீரிடம் இரவல் வாங்கியது. டிஸ்டார்ஷன் என்கிற ரகம். அவனுடைய சின்னக் கிடாருக்கு அது சிங்கம். பேஸில் மாட்டியதும் அடிக்கனத்தையெல்லாம் விழுங்கிவிட்டுக் கீச்சென்ற மேல்சத்தத்தை மட்டும் துப்பியது. யானை கொசுவாகிவிட்டது. அந்தக் கொசுவைத்தான் ஜெய்தூன் பீவி காய்ந்த பேரிங் என்று நினைத்துவிட்டார்.

குழாயில் தண்ணீர் நின்றுபோக, கமலக்கண்ணன் வாளியோடு கீழே இறங்கினான். மோட்டாரின் குடல் முழுக்கச் செய்தித்தாள் மேல் பரப்பப்பட்டிருந்தது.

"பீவிம்மா, அது மோட்டாரு இல்ல. என்னோட பெடலு."

ஜெய்தூன் பீவி சார்லஸைப் பார்த்தார். "அப்ப நீ பேரிங் போச்சுன்னு சொன்னியே?"

"போகத்தான் இருந்துச்சு. போறதுக்கு முன்னாடியே பாத்துட்டோம்ல" என்றான் சார்லஸ், கொஞ்சமும் அசராமல். அவன் கழற்றிய எந்த மோட்டாரும் நல்ல நிலையில் இருந்ததாக வரலாறு கிடையாது.

இரண்டாவது பெடல் கூரியரில் வந்தது. ஃபஸ் என்கிற ரகம். மிதித்ததும் கமலக்கண்ணனுக்கே ரோமம் சிலிர்த்தது. நூறு பூ வேன்கள் சேற்றில் சிக்கிக்கொண்டு ஒரே நேரத்தில் உறுமுகிற சத்தம். ஆனால் எந்தச் சுரத்தைத் தொட்டாலும் கூழாகத்தான் வந்தது. போதாததற்கு அதன் அடாப்டர் தனியாக ஒரு 'ம்ம்ம்' போட்டது. அடாப்டரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரி போட்டான். 'ம்ம்ம்' நின்றது. இன்னும் ஏதோ கூடவே இரைகிறதே என்று பார்த்தால் மின்விசிறி. அதையும் நிறுத்தினான். கிடார் ஒலியைப் பெருக்கும் பழைய ஆம்ப்பின் பின்பக்கம் ஏதாவது கோளாறோ என்று குனிந்து பார்த்தான். அதன் சிவப்பு விளக்கு வாங்கிய நாளிலிருந்தே எரிந்ததில்லை என்பதால் அதனிடம் எதையும் விசாரிக்க முடியவில்லை.

அவன் நிமிர்வதற்குள் கீழே சார்லஸ் வந்துவிட்டிருந்தான். இந்தத் தடவை யாரும் போன் போடவில்லை. தெருமுனைக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் காதுக்கே சத்தம் எட்டியிருந்தது. மோட்டாரை அலாக்காகத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டான். கமலக்கண்ணன் கத்திக்கொண்டே படியிறங்கிய நேரத்தில் ஆட்டோ பேகம்பூரைத் தாண்டியிருந்தது.

மோட்டார் திரும்பி வரும்வரை அவன் மனைவி சத்யபிரியாதான் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாக மாடிக்குச் சுமந்தாள். கடைசிக் குடத்தை வைத்தவள் பெட்டியை எடுத்தாள்.

"சின்னாளபட்டிக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

"ஞாயித்துக்கெழம மட்டும் முடியட்டும் சத்யா."

"முடிச்சுட்டுக் கூப்பிடுங்க. அங்க தண்ணி வரும். பெடலு வராது."

வேறொருவனாக இருந்தால் பெடலைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பான். கமலக்கண்ணன் மூன்றாவதை வரவழைத்தான். பேஸுக்கென்றே செய்த ஃபஸ். அதில் ஒரு திருகு இருந்தது. இடப்பக்கம் திருப்பினால் சுத்தமான ஒலி, வலப்பக்கம் திருப்பினால் கரகரப்பு, நடுவில் வைத்தால் இரண்டுக்கும் பஞ்சாயத்து. அடிக்கனமும் போகாது, சுரமும் கூழாகாது. ஒரு முடி அளவு திருப்பினாலும் ஒலி மாறுகிறது என்று கமலக்கண்ணன் சத்தியம் செய்வான். அந்த முடி அளவு வித்தியாசம் கேட்க வேண்டும் என்பதற்காக மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வையில் குளித்தபடியே வாரம் முழுக்கத் திருகினான்.

கீழேயும் ஓர் ஏற்பாடு செய்துவைத்தான்.

"பீவிம்மா, ஞாயித்துக்கெழம என்ன சத்தம் கேட்டாலும் அது நான்தான். சார்லஸக் கூப்பிட்றாதீக."

"கட்டடமே இடிஞ்சு விழுந்தாலும் நீதான்னு நெனச்சுக்கிறேன், போதுமா? போப்பா, எனக்கு வெங்காயம் உரிக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை. மார்க்கெட்டில் எடையை முடித்துவிட்டு உச்சிவெயிலில் கமலக்கண்ணன் வந்து சேரவும், மாயாண்டி வாசலில் வண்டியை நிறுத்தவும் சரியாக இருந்தது. கீழே கொல்லைப்புறத்தில் விறகடுப்பு எரிய, அண்டாக்கள் வரிசை கட்டியிருந்தன. இருவரும் மாடியேறினார்கள்.

"ஃபேன போடுப்பா, வேகுது" என்றார் மாயாண்டி.

"ஃபேன் எரைச்சல்ல இதோட நெளிவு சுளிவு தெரியாதுண்ணே. செத்த நேரம் பொறுத்துக்கங்க."

மாயாண்டி சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். கமலக்கண்ணன் கிடாரை மாட்டினான். வயர்களைச் செருகினான். ஆம்ப்பின் சுவிட்சைப் போட்டான். பெடலை மிதித்தான். பேட்டரியின் தயவில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. பால்கனிக்குப் போய்க் கீழே குரல் கொடுத்தான்.

"பீவிம்மா, நான்தான்."

"சரி, சரி" என்று புகைக்குள்ளிருந்து பதில் வந்தது.

கண்ணை மூடிக்கொண்டு தடிக் கம்பியை ஒரே ஒரு சுண்டு சுண்டினான்.

எழுந்தது ஓர் உறுமல். அப்படி ஓர் உறுமலைத் திண்டுக்கல் மலைக்கோட்டை தன் ஆயுளில் கேட்டிருக்காது. தரை அதிர்ந்தது. தண்ணீர் டம்ளர் தானாகவே மேசை ஓரத்துக்கு நடந்துபோனது. மாயாண்டியின் தொப்பை, பொத்தான் போடாத சட்டைக்குள் தாளத்தோடு ஆடியது.

"யப்பே" என்றார் மாயாண்டி.

கமலக்கண்ணன் விரலை எடுத்தான். சத்தம் நிற்கவில்லை. கம்பியை உள்ளங்கையால் அமுக்கினான். அப்போதும் நிற்கவில்லை.

"ஃபஸ்ஸோட கொணமே அதாண்ணே. ஒரு தடவ சுண்டுனாப் போதும், அதுபாட்டுக்கு நிக்கும்" என்றான். இவ்வளவு நேரம் நிற்கும் என்று அவனுக்கே தெரியாது.

"வேற சுரம் புடி பாப்போம்."

பிடித்தான். மேலே போனான், கீழே வந்தான், நாலு கம்பியிலும் விரல் ஓடியது. உறுமல் இம்மியும் நகரவில்லை.

மாயாண்டி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "ஏலே, நீ என்னத்த வாசிச்சாலும் சுதி வெலகாம நிக்குதேலே. முப்பது வருசமா இப்படி ஒருத்தனத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

"திருகைப் பாருங்கண்ணே. இப்ப சுத்தமா வச்சிருக்கேன். இப்பக் கொஞ்சம் கரகரப்பு கூட்டுறேன். தெரியுதா?"

மாயாண்டி கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்துக் கேட்டார். "தெரியுது, தெரியுது. இப்ப ஒரு காரம் ஏறுது. மசாலா வாசன மாதிரி."

"இப்பக் கொறைக்கிறேன்."

"ஆமா, எறங்கிருச்சு. என்னா பதம்யா."

நிஜமாகவே ஒரு வாசனையும் வந்தது. ஏதோ தீய்கிற நெடி. கீழே பீவி தாளிப்பைக் கருக்கிவிட்டார் போல என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். மாயாண்டி கையை உயர்த்தினார்.

"போதும், நிறுத்து."

கமலக்கண்ணன் பெடலை மிதித்தான். கீழே எங்கோ 'டப்' என்றது. சத்தம் அறுத்துப் போட்டது போல நின்றது.

மாயாண்டி அவன் தோளில் இரண்டு கைகளையும் வைத்தார். "செம்பட்டியில நீ பின்னாடி நிக்க வேணாம். என் பக்கத்துல, முன்னாடி வந்து நில்லு. நடுவுல ஒனக்குன்னு தனியா வாசிப்பு. கீபோர்டுக்காரன் எடது கையப் பாக்கெட்டுல வச்சுக்கட்டும்."

கமலக்கண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. சத்யபிரியாவுக்கு உடனே சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தான். பெடலைக் குனிந்து ஒரு தடவை தடவிக்கொடுத்தான். பச்சை விளக்கு, தனக்கு ஒன்றுமே தெரியாது என்பது போல அணைந்து கிடந்தது.

படியில் திமுதிமுவென்று காலடி. அண்டா காலியாகவே கிடக்கிறது என்று ஜெய்தூன் பீவி கூப்பிட்டனுப்பிய சார்லஸ், கருகிப் புகைகிற செப்புச் சுருள் ஒன்றைக் குறடால் தூக்கிப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றான்.

"மாடிக்கு வர்ற லைன்ல காலையிலருந்தே கரண்டு இல்லையாம்ண்ணே, பீவிம்மா சுவிட்சப் போட்டதுலருந்து மிச்ச ரெண்டு லைன வச்சுக்கிட்டுச் சுத்தவும் முடியாம மோட்டாரு இம்புட்டு நேரம் கத்திக் கத்தியே எரிஞ்சு போச்சு, ஒங்க ரெண்டு பேரு காதுலயும் அது விழவே இல்லையா?"