தொந்தி அமுக்கிய டார்ச் லைட்

என் மனைவி மாரீஸ்வரி சொன்ன ஒரு தகவலை நான் ஏழு வருஷமாகச் சந்தேகித்து வருகிறேன். முழுதாக நம்பவும் முடியவில்லை. பொய் என்று தள்ளவும் தைரியம் வரவில்லை. தகவல் இதுதான்: என் டார்ச் லைட்டில் செல் சீக்கிரம் தீர்ந்துபோவதற்குக் காரணம் என் தொந்தி.

விளக்கமும் கொடுத்தாள். பஸ்ஸில் உட்காரும்போது என் தொந்தி மடங்கிப் பேண்ட் பாக்கெட்டின் மேல் சரிகிறதாம். உள்ளே இருக்கும் டார்ச்சின் பொத்தான் அமுங்குகிறதாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரைக்கும் நான் பாக்கெட்டுக்குள் வெளிச்சம் போட்டுக்கொண்டே போகிறேனாம்.

"அப்படின்னா வெளிய தெரியாதாட்டி?"

"கறுப்புப் பேண்ட்டு. எப்படித் தெரியும்?"

"பக்கத்துல உக்காந்திருக்கிறவன் சொல்ல மாட்டானா?"

"அடுத்தவிய பாக்கெட்டையே பாத்துக்கிட்டு ஒருத்தன் பஸ்ல வருவானா?"



நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். முப்பத்திரண்டு வருஷமாகக் கரண்டோடுதான் குடித்தனம். ஒரு மோட்டாரைத் தொட்டுப் பார்த்து அது எதனால் சூடாகிறது என்று சொல்லிவிடுவேன். நான் எதனால் சூடாகிறேன் என்பதுதான் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

"போன்லயே லைட்டு இருக்கே, தனியா எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எலெக்ட்ரீஷியனுக்கு வேலை நேரத்தில் இரண்டு கையும் காலியாக இருக்காது. டார்ச்சை வாயில்தான் கவ்வ வேண்டும். போனை வாயில் கவ்விப் பாருங்கள். அதனால் என் டார்ச் விரல் மொத்தம்தான் இருக்க வேண்டும், பாக்கெட்டில் அடங்க வேண்டும், பல்லுக்கு வழுக்கக் கூடாது. இந்த மூன்றும் சரியாக அமைந்த டார்ச்சைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் டார்ச் ஒரே ஒரு பென்சில் செல் போடுவது. பின்பக்கம் பொத்தான். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருக்கும் கிறிஸ்டோவிடம் வாங்கினேன். அருமையான வெளிச்சம். சாயங்காலம் வீட்டில் அடித்துப் பார்த்தால் பளிச்சென்று எரியும். மறுநாள் மில்லில் அடித்தால் பீடி நுனி மாதிரி சிவந்து அணைந்துபோகும். நாலே நாளில் இப்படி. அப்போது வந்ததுதான் தொந்தித் தகவல்.

அடுத்து, பொத்தானே இல்லாத டார்ச் வாங்கினேன். தலையைத் திருகினால்தான் எரியும். இரண்டு செல். தொந்தி அமுக்கலாம், திருகுமா?

ஒரு வாரத்தில் அதுவும் செத்தது.

"தொந்தி எப்படிட்டி திருகும்?"

"தொந்தி திருகாது. தொடை திருகும். நீங்க நடக்கிறதை நீங்க பின்னால இருந்து பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. அன்று மில்லுக்கு நடக்கும்போது என் தொடைகளையே கவனித்துக்கொண்டு போய் டீக்கடை பெஞ்சில் மோதினேன்.

கிறிஸ்டோ சொன்னான்: "அண்ணாச்சி, செல்லே வேண்டாம். போன் சார்ஜர்ல குத்துற டார்ச்சு வந்திருக்கு. தலையெழுத்து மாதிரி, மாத்தவே வேண்டாம்."

வாங்கிக்கொண்டு வந்தேன். மாரீஸ்வரி அதைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். புது டார்ச் எதைக் கொண்டுவந்தாலும் அவள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

"இதுக்கு எத்தனை செல்லு?"

"செல்லு கிடையாது. சார்ஜ் ஏத்துறது."

அவள் முகம் சுண்டிப்போனது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

"இந்த மாதிரி பேட்டரிதான் வெடிக்குதுன்னு போன்ல காட்டுறான். நீங்க இதை எங்க வைப்பீங்க?"

"பேண்ட் பாக்கெட்ல."

"பேண்ட் பாக்கெட்டு எதுக்குப் பக்கத்துல இருக்கு? செத்த நேரம் யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். அந்த டார்ச்சைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். மூன்றாம் நாள் கிறிஸ்டோவிடம் திருப்பிக் கொடுத்தேன். காரணம் கேட்டான். சொல்லவில்லை. மறுபடியும் இரண்டு பென்சில் செல் போடும் டார்ச்.

"நாலு செல்லு உள்ள பாக்கெட்டா வாங்குங்க," என்று கொஞ்ச மாதமாக அக்கறையோடு சொல்கிறாள். "ரெண்டு உள்ள கிடக்கட்டும், ரெண்டு கையிருப்புக்கு."

எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பரோட்டாவை விட்டேன். மடவார் வளாகத்தில் கோயிலைச் சுற்றித் தினமும் நாலு சுற்று நடந்தேன். தொந்தி இரண்டு அங்குலம் உள்ளே போனது. செல் தீர்வது மட்டும் நிற்கவில்லை. அப்படியானால் தொந்தி காரணம் இல்லை. அல்லது இரண்டு அங்குலம் போதவில்லை. எது உண்மை? ஏழு வருஷம் இந்தக் கேள்வியோடு ஒரு மனுஷன் பஸ்ஸில் போய் வந்தால் அவனுக்குப் பிரஷர் வராமல் என்ன வரும்?

வந்தது. நாலு மாதம் முன்னால் மில்லில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். டாக்டர், தினமும் பிரஷர் பார்க்கச் சொன்னார். பக்கத்து வீட்டு நர்ஸ் அக்சா மூலமாக மாரீஸ்வரி ஒரு மெஷின் வாங்கினாள். தினமும் சாயங்காலம் என் கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்குவாள். எண்ணை நோட்டில் எழுதுவாள். நான் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன். மில்லில் அத்தனை மீட்டரைப் பார்க்கிறவன், என்னை அளக்கிற மீட்டரைப் பார்க்கப் பயந்தேன்.

இந்த நிலைமையில்தான் போன மாதம் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

மில்லில் பானல் அறையில் ஒரு பிரேக்கர் விழுந்து கரண்ட் போய்விட்டது. தரைக்கு அடியில் கேபிள் போகும் குழி. பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. புது மேனேஜர் பிரேம்குமார், என் மகன் வயது, குனிந்து நின்றான்.

"சார், லைட் அடிங்க."

அடித்தேன். சிவந்தது. அணைந்தது. உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினேன். மறுபடி சிவந்தது. மறுபடி அணைந்தது.

"உங்க பேர் என்ன சார்?"

"இருளப்பசாமி."

"சரியாத்தான் வச்சிருக்காங்க," என்று சொல்லித் தன் போன் லைட்டைப் போட்டான். சுற்றி நின்ற ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின.

அன்று எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ் ஒரு பீடி நுனியில் எரிந்துபோனது. முதல் நாள் சாயங்காலம் நானே அடித்துப் பார்த்த டார்ச் அது. விட்டத்தில் இருந்த ஒட்டடை வரைக்கும் தெரிந்தது.

டார்ச்சில் சாவது நான் வாங்கிய செல்தானா என்று பார்த்துவிட முடிவு கட்டினேன். மில்லில் கேபிளுக்கு நம்பர் போடும் மார்க்கரை எடுத்தேன். அடுத்தடுத்து வாங்கிய இரண்டு பாக்கெட்டிலும் இருந்த எட்டுச் செல்லின் அடியிலும் 'இ' என்று எழுதினேன். யாருக்கும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் டார்ச் செத்தது. திறந்து பார்த்தேன். இரண்டு செல்லிலும் 'இ' இல்லை.

வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே உண்மை புரிந்திருக்கும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தொந்தி உரசி மை அழிந்திருக்குமோ என்று நினைத்தேன். ஏழு வருஷம் ஒரு தகவலைச் சுமந்தால் மூளை இப்படித்தான் ஆகும்.

சனிக்கிழமை. அரை ஷிப்ட். வரும் வழியில் கிறிஸ்டோவிடம் புதுப் பாக்கெட் ஒன்று வாங்கினேன். நாலு செல். சட்டைப் பாக்கெட்டில் போட்டுப் பொத்தானையும் மாட்டினேன். இனி இது என் உடம்பை விட்டு இறங்காது என்று சபதம் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் மாரீஸ்வரி இல்லை. போன் வந்தது.

"ஏங்க, நான் அக்சா வீட்ல இருக்கேன். தூத்தல் போடுத மாதிரி இருக்கு. மாடியில கூழ்வத்தல் காயுது, எடுத்து உள்ள வைங்க."

மாடிக்குப் போனேன். வெள்ளைத் துணியில் வரிசை வரிசையாக வத்தல். கடைசி வரிசையில், வத்தலோடு வத்தலாக, இரண்டு பென்சில் செல் காய்ந்துகொண்டிருந்தன.

கையில் எடுத்தேன்.

தீர்ந்துபோன செல்லை வெயிலில் காயவைத்தால் கொஞ்ச நேரம் எரியும். நம் ஊரில் எல்லார் வீட்டிலும் செய்ததுதான். சூடு இருக்கும்வரை பளிச். பிறகு பீடி நுனி. சாயங்காலம் எரிந்து காலையில் ஏன் செத்தது என்று ஏழு வருஷமாக நான் தேடிய பதில், கூழ்வத்தலுக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்திருந்தது.

இறங்கி ஓடினேன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினேன். ஒரு செல். 'இ'. கேபிள் டிவி ரிமோட்டைத் திறந்தேன். இரண்டு செல். இ, இ. பிரஷர் மெஷினைத் திருப்பினேன். நாலு. இ, இ, இ, இ. எட்டாவது செல் அக்சா வீட்டுக் கடிகாரத்தில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

எல்லாம் புரிந்தது. கடிகாரம் வந்த வருஷம் ஒரு செல் டார்ச்சை அவள் ஒன்றும் சொல்லவில்லை. ரிமோட் வந்த பிறகு இரண்டு செல் டார்ச்சைப் பாராட்டினாள். மெஷின் வந்ததிலிருந்து நாலு செல் பாக்கெட். டார்ச்சைத் தேர்ந்தெடுத்தது நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னைக் கொதிக்க வைத்தது திருட்டுக்கூட இல்லை. டார்ச்சுக்கு ஆகாத செல், கடிகாரத்தை இன்னும் ஆறு மாதம் ஓட்டும். உலகமே டார்ச்சில் தீர்ந்ததைத்தான் கடிகாரத்துக்குக் கொடுக்கும். இவள் புதுசைக் கடிகாரத்துக்குக் கொடுத்துவிட்டு, கடிகாரம் சப்பித் துப்பியதை எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசருக்குக் கொடுத்திருக்கிறாள்.

ஏழு செல்லையும் மேசை மேல் நிறுத்தி வைத்தேன். நடுவில் டார்ச். காத்திருந்தேன். தூறல் வலுத்தது. வத்தல் நனைந்தது. நனையட்டும்.

மாரீஸ்வரி உள்ளே வந்தாள். மேசையைப் பார்த்தாள்.

"வத்தலை எடுத்தீங்களா?"

"ஏட்டி, இது என்னது?"

"செல்லு."

"யாரு செல்லு?"

"வீட்டுச் செல்லு."

"என் டார்ச்சுல இருந்ததுடி. ஏழு வருஷம். ஏழு வருஷம் என் தொந்தியைச் சொல்லி, பொறவு தொடையைச் சொல்லி..."

"அதனாலதான தொந்தி குறைஞ்சுது?"

"நான் பரோட்டாவை விட்டேன். உனக்காகவா விட்டேன்? ஒரு டார்ச்சுக்காக விட்டேன். ஆறு பேரு முன்னால அந்தப் பய என்னைப் பாத்து..."

"கடியாரம் நின்னா அஞ்சு மணி பஸ்ஸை எப்படிப் பிடிப்பீங்க? உங்களுக்குத்தான் போட்டேன். மெஷினு யாருக்கு? உங்களுக்குத்தான் போட்டேன்."

"ரிமோட்டு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"நான் சீரியல் பாத்தாத்தான் உங்களை ஒண்ணும் கேக்காம இருக்கேன். அதுவும் உங்களுக்குத்தான்."

என் காதுக்குள் மில் சங்கு ஊதியது. கழுத்து நரம்பு துடித்தது. கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை வரிசையாக வைத்திருந்தேன். முதல் கேள்விக்கு வாயைத் திறந்தேன்.

"முகம் ஏன் இப்படிச் சிவந்து கிடக்கு? உக்காருங்க."

"உக்கார மாட்டேன்."

"கையை நீட்டுங்க."

நீட்டினேன். நாலு மாதப் பழக்கம். மேசையிலிருந்த என் சாட்சிகளில் நாலை எடுத்து மெஷினில் போட்டாள். பட்டையைச் சுற்றினாள்.

"நான் கேக்கிறதுக்கு முதல்ல பதில்..."

"பேசாதீங்க. பேசுனா கூடக் காட்டும்."

மெஷின் உறுமியது. பட்டை இறுகியது. ஏழு வருஷக் கோபத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு, டார்ச்சைக் கவ்வியவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். காற்று இறங்கியது. முதல் தடவையாக நானே எண்ணைப் பார்த்தேன்.

நூற்று எழுபத்தெட்டு.

கோபம் போன இடம் தெரியவில்லை. 

"ஆத்தி," என்றாள் மெதுவாக. "இம்புட்டு ஒருநாளும் காட்டுனதில்லையே. ஒருவேளை செல்லு வீக்கா இருக்குமோ என்னவோ."

செல் வீக்கானால் மெஷின் நின்றுபோகும். கூட்டிக் காட்டாது. இது எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ் என் காதில் கத்தியது. அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் நாக்கு நுனியில் நின்றது.

சட்டைப் பாக்கெட்டின் பொத்தானைக் கழற்றினேன். புதுச் செல் பாக்கெட்டை எடுத்து அவள் கையில் வைத்தேன். ஏழு வருஷச் சந்தேகத்தை எல்லாம் சேர்த்து, கடைசியில் அவளிடம் கேட்டேன்:

"இந்த நாலையும் போட்டு இன்னொருக்காப் பாக்கியாட்டி?"