முதல் வந்தவனுக்கு ஒரு விலை

மனிதன் வாய் திறக்கக் கூடாத இடங்கள் சில உண்டு. பொம்பிளை பார்க்கப் போன வீடு அவற்றில் ஒன்று. நான் அங்கே வாய் திறந்தது மட்டுமல்ல, கத்தியும் விட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. காரைநகரில் எங்களைச் சுற்றிக் கடல்தான். நானோ கணினி விளையாட்டு ஒன்றில் இன்னொரு தீவை வாங்கித் தோட்டம் செய்துகொண்டிருந்தேன். (வளவில் இருந்த உண்மையான தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டவர் அப்பா.) விளையாட்டு வெளிவந்த அன்றே முழு விலை கொடுத்து வாங்கியவன் நான். பிறகு மழைக்காலம், மீன்பிடி, சந்தை என்று புதிய பகுதிகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி விலை. ஒவ்வொன்றையும் வந்த அன்றே வாங்கினேன். அந்த நிறுவனத்தைத் தாங்கி நிற்பவனே நான்தான் என்று ஒரு நினைப்பு.

பொம்பிளை வீடு வேலணையில். பெயர் தாரணி. விறாந்தையில் இரு வீட்டுப் பெற்றோரும் இருந்தார்கள், வடை இருந்தது, கதைதான் இல்லை. "ரெண்டு பேரும் அங்கால இருந்து கதையுங்கோவன்" என்று அவளுடைய அம்மா மூலையில் இருந்த இரண்டு கதிரைகளைக் காட்டினார். (பத்தடி தூரம். பெருமூச்சு விட்டாலும் கேட்கும்.)

என் கைபேசித் திரையில் இருந்த தீவைக் கண்டுவிட்டுத் தாரணி கேட்டாள்: "நீங்களும் இது விளையாடுறனீங்களோ?"

"ஓம், வந்த நாளிலயிருந்து. நீர்?"

"நான் போன கிழமைதான் வாங்கினனான்."

"அப்ப மழைக்காலம், மீன்பிடி ஒண்டும் இராது" என்றேன், பெரிய மனிதத் தோரணையில்.

"எல்லாம் இருக்குது. இப்ப சேர்த்துத்தானே விக்கிறாங்கள்" என்று விலையைச் சொன்னாள்.

நான் மழைக்காலத்துக்கு மட்டும் கொடுத்ததைவிட அது குறைவு.

"புதுசாய் வாற ஆக்களுக்கெண்டு ஒரு தங்கச் சேவலும் சும்மா தந்தவங்கள்."

என்னிடம் தங்கச் சேவல் இல்லை. இரண்டு வருடம் உழைத்தும் இல்லை. எப்படி எழும்பி நின்றேன் என்று இன்றுவரை தெரியாது.

"இது அநியாயம்! முதல் வந்தவன் எல்லாத்தையும் குடுத்துப்போட்டு நிக்கிறான். பிறகு வந்தவைக்கு எல்லாம் மலிவாய், தங்கமும் சும்மாவோ?"

தாரணியின் அப்பா தேநீர்க் கோப்பையோடு மெல்ல எழும்பினார். "ஆர் தம்பி முதல் வந்தவன்?" என்று என்னைக் கேட்டுவிட்டு, மகள் பக்கம் திரும்பினார். "ஆர் பிள்ளை?"

என் அம்மா 'தங்கம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். "நாங்கள் சீதனமெண்டு வாயே திறக்கேல்லை. இவன் ஏன் தங்கம் கேக்கிறான்?" என்று அழத் தொடங்கினார்.

"அம்மா, அது சேவல்" என்றேன். நிலைமை இன்னும் மோசமானது.

தாரணிதான் கைபேசியைக் கொண்டுபோய்த் தகப்பனுக்குக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சேவலை நெடுநேரம் பார்த்தார். "இதுக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

அவள் என்னிடம் திரும்பி வந்தாள். "ரெண்டு வருசம் நீங்கள் விளையாடினீங்கள். நான் விலை குறையட்டுமெண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அந்த ரெண்டு வருசத்துக்கு விலை இல்லையோ?"



"ஆனா சேவலைப் பழைய ஆக்களுக்கும் குடுத்திருக்கவேணும். அது பிழைதான்" என்றாள். அந்த ஒரு வசனத்துக்காகவே இவளைக் கட்டலாம் என்று தோன்றியது. ஆனால் கேட்கும் தகுதியை நான் இழந்திருந்தேன்.

மூன்றாம் நாள் அவர்கள் வீட்டிலிருந்து சம்மதம் என்று தொலைபேசி வந்தபோது, அதிர்ச்சியில் நான் அம்மாவை இரண்டு தடவை திருப்பிக் கேட்டேன்.

கலியாணமாகி ஐந்து வருடமாகிறது. இப்போதும் வேலணையில் சாப்பிட உட்கார்ந்தால், மாமி அகப்பையோடு என் முன்னால் வந்து நின்று, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்பார்:

"மருமகன், இப்பவே போடட்டோ, இல்லாட்டிப் பொறுத்திருந்து எல்லாத்தையும் சேர்த்து வாங்கிறீங்களோ?"